ஒரு மடையைச் சுற்றி நான்கு துறைகள்: பண்பாட்டு ஒப்பீட்டில் கூட்டாக இறங்கும் புதிய ஆசிரியர்களுக்கு

உதவிப் பேராசிரியராகச் சேர்ந்து ஓரிரு வருடம் ஆனவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "வேறு துறைக்காரர்களோடு சேர்ந்து பண்பாட்டு ஒப்பீட்டில் ஏதாவது செய்யணும்னு ஆசை. எங்கே தொடங்குறது?" நான் தமிழ்த் துறை. சில வருடங்களாக வரலாறு, கட்டடப் பொறியியல், விலங்கியல் துறைகளைச் சேர்ந்த மூன்று பேரோடு சேர்ந்து, சிவகங்கைப் பக்கத்துக் கண்மாய்களையும் இந்தோனேசியாவில் பாலித் தீவின் சுபக் எனப்படும் பாசனக் கூட்டுறவையும் ஒப்பிட்டு வருகிறேன். என்னென்ன செய்தோம், எதை முன்னாலேயே செய்திருக்க வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். உங்கள் பொருள் வேறாக இருக்கலாம். வரிசை பெரும்பாலும் இதேதான்.

முதல் படி: தலைப்பை விடுங்கள், ஒரு பொருளைப் பிடியுங்கள்

"தமிழ், இந்தோனேசியப் பண்பாடுகள்" என்று தொடங்கினால் ஆளுக்கொரு கட்டுரை எழுதி ஒரே அட்டைக்குள் வைப்பதில்தான் முடியும். நான்கு பேரும் சுற்றி நின்று பார்க்கக்கூடிய ஒரு பொருள் வேண்டும். எங்களுக்கு அது மடை, கண்மாயிலிருந்து வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் வாயில். உங்களுக்கு அது தொட்டிலாக இருக்கலாம், உலையாக இருக்கலாம், ஒப்பாரியாக இருக்கலாம். ஒரே சோதனைதான்: அந்தப் பொருளைப் பற்றி உங்கள் துறையால் பதில் சொல்ல முடியாத கேள்வி ஒன்று இருக்கிறதா? இல்லையென்றால் உங்களுக்குக் கூட்டாளி தேவையில்லை, தனியாகவே எழுதலாம்.

இதற்கு நான் எப்போதும் காட்டும் முன்மாதிரி பாலியிலிருந்து வந்ததுதான். ஸ்டீபன் லான்சிங் மானிடவியலாளர், ஜேம்ஸ் கிரெமர் சூழலியலாளர். பாலியில் ஒரு சுபக்கின் விவசாயிகள் எப்போது நாற்று நடுவது, எப்போது வயலைத் தரிசாக விடுவது என்பதை நீர்க் கோவில்களில் கூடி முடிவு செய்கிறார்கள். 1970-களில் பசுமைப் புரட்சி வந்தபோது, கோவில் நாள்குறிப்பை விட்டுவிட்டு முடிந்த மட்டும் அடுத்தடுத்து நடச் சொன்னார்கள். புகையான் என்ற பூச்சி பெருகி வயல் வயலாக அழித்தது. நம் ஊரில் தூரடியில் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சி, வட்டம் வட்டமாகப் பயிரைக் கருக்கிவிடும் அதே புகையான்தான். மானிடவியலாளர் மட்டும் பார்த்திருந்தால் இதைச் சடங்கின் சிதைவு என்று எழுதியிருப்பார். சூழலியலாளர் மட்டும் பார்த்திருந்தால் பூச்சிப் பெருக்கம் என்று எழுதியிருப்பார். இருவரும் சேர்ந்து இரண்டு ஆறுகளையொட்டிய 172 சுபக்குகளைக் கணினியில் மாதிரியாக்கி ஓட்டிப் பார்த்தார்கள். ஒவ்வொரு சுபக்கும் தன்னிஷ்டத்துக்கு நட்டால் பூச்சிக்கு எப்போதும் எங்காவது தீனி கிடைக்கிறது. எல்லாரும் ஒரே நாளில் நட்டால் தண்ணீர் போதவில்லை. இரண்டுக்கும் நடுவே, நீர்க் கோவில்கள் உண்மையில் எந்த அளவுக்குச் சுபக்குகளை ஒருங்கிணைக்கின்றனவோ அந்த அளவில் விளைச்சல் நன்றாக இருந்தது. 1993-இல் வந்த அந்த ஒரு கட்டுரையை நான்கு பேரும் படித்துவிட்டு முதல் கூட்டத்துக்கு வரச் சொல்வேன். கூட்டாய்வு என்றால் என்ன என்று நான் ஒரு மணி நேரம் பேசுவதைவிட அது தெளிவாகச் சொல்லிவிடும்.

இரண்டாம் படி: ஆளைத் தேடுவது

துறைத் தலைவர் வழியாகச் சுற்றறிக்கை அனுப்பி ஆள் சேர்க்காதீர்கள். வருகிறவர்கள் பெயருக்கு வருவார்கள். உங்களுக்குத் தேவையானவர் என்ன எழுதியிருக்கிறார் என்று தேடிப் படியுங்கள். அவருடைய மாணவர்களின் ஆய்வேடுகள் சோத்கங்கா என்ற இணைய ஆய்வேட்டுக் களஞ்சியத்தில் இருந்தால் அதையும் புரட்டுங்கள். பிறகு தேநீர் நேரத்தில் அவர் அறைக்குப் போய், அவருக்கு மட்டுமே பதில் தெரிந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். திட்ட அறிக்கையைக் கையில் கொண்டு போகாதீர்கள்.

விலங்கியல் துறை மேடத்திடம் நான் கேட்டது: "மேடம், புகையான் ஒரு வயலிலிருந்து பக்கத்து வயலுக்கு எப்படிப் போகும்?" பத்து நிமிடம் என்று உட்கார்ந்தோம். ஒன்றரை மணி நேரம் ஆனது. முடிவில் அவர் கேட்டார், "இதை நீங்க ஏன் கேக்குறீங்க?" அந்தக் கேள்வியை அவர் வாயிலிருந்து வரவைப்பதுதான் உங்கள் வேலை.

மூன்று முதல் ஐந்து பேர் போதும். ஆறாவது ஆள் வந்தால் எல்லாரும் கூட ஒரு நாள் கிடைக்காது. பணி மூப்பில் மிகவும் உயர்ந்த ஒருவர் இருந்தால் மற்றவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். அவரை ஆலோசகராக வைத்துக்கொண்டு, வாராந்திரக் கூட்டத்தை இணையான நிலையில் உள்ளவர்கள் நடத்துங்கள்.

மூன்றாம் படி: சொல்லேடு

எல்லாரும் அவசரப்பட்டுத் தாண்டிவிடும் படி இது. நான் அதிகம் வற்புறுத்துவதும் இதைத்தான்.

எங்கள் மூன்றாவது கூட்டத்தில் பொறியியல் சார் பலகையில் கண்மாய்க் கரையை வரைந்து, அதில் ஒரு செவ்வகம் போட்டு "மதகு" என்று எழுதினார். வரலாற்றுத் துறை சார் எழுந்து, "கல்வெட்டுல இது தூம்பு" என்றார். ஊரில் மடை என்றுதான் சொல்வார்கள் என்றேன் நான். மூன்றும் ஒன்றுதானே என்று மேலே போகப் பார்த்தோம். பொறியியல் சார் விடவில்லை. "திறக்குறது எப்படி? பலகையைத் தூக்கணுமா, அடைப்பைப் பிடுங்கணுமா?" என்று கேட்டார். அப்போதுதான் குமிழித் தூம்பு பற்றிப் பேச்சு வந்தது. கரையிலிருந்து தள்ளி, கண்மாயின் உள்ளே இரண்டு கல் தூண்களுக்கு நடுவில் இருக்கும் அமைப்பு அது. ஆள் நீந்திப் போய்த்தான் அடைப்பைத் தூக்க வேண்டும். கரையில் நின்று திருகினால் திறக்கும் இரும்பு மதகை யார் வேண்டுமானாலும் இரவில் வந்து திறக்கலாம். நீந்திப் போய்த் திறக்கும் தூம்பை, தெரிந்த ஆள்தான், ஊருக்குத் தெரியத்தான் திறக்க முடியும். ஒரு சொல்லைப் பிரித்துப் பார்த்ததில், அதிகாரம் யார் கையில் இருந்தது என்ற கேள்வியே வந்து விழுந்தது.

அன்றைக்கு ஒரு நீள நோட்டு வாங்கினோம். இடப் பக்கம் சொல், வலப் பக்கம் நான்கு கட்டங்கள், துறைக்கு ஒன்று. கலுங்கு, மறுகால், ஆயக்கட்டு, முறைப்பாசனம், பிறகு பாலியின் சொற்கள் என்று நிரப்பிக்கொண்டே போனோம். "கல்ச்சர்" என்று நான் சொன்னால் விலங்கியல் மேடத்துக்கு ஆய்வகத்தில் ஜாடிக்குள் பூச்சி வளர்ப்பதுதான் முதலில் நினைவுக்கு வரும். "மாடல்" என்றால் பொறியியல் சாருக்குச் சமன்பாடு, எனக்கு முன்மாதிரி. குறைந்தது ஒரு செமஸ்டர் இதற்குக் கொடுங்கள். அந்த ஆறு மாதத்தில் கட்டுரை எதுவும் வராது. துறைத் தலைவர் கேட்டால் நோட்டைக் காட்டுங்கள்.

நான்காம் படி: எதை எதோடு ஒப்பிடுகிறோம்

எங்கள் பொறியியல் சார் ஆரம்பத்திலேயே ஒரு மறுப்பு வைத்தார். கண்மாய் என்பது வடகிழக்குப் பருவமழையைத் தேக்கி வைக்கும் ஏனம். சுபக் என்பது ஓடும் ஆற்றை அணைகட்டித் திருப்பி, சுரங்கக் கால்வாய் வழியாக மலைச்சரிவுப் படிக்கட்டு வயல்களுக்குக் கொண்டு போவது. அங்கே எரிமலை மண், பெரும்பாலும் வருடத்துக்கு இரண்டு போகம். இங்கே பெரும்பாலும் ஒரு போகம். "இதை எப்படி ஒப்பிடுவீங்க?" என்றார். சரியான மறுப்பு. இரண்டு வாரம் வாதாடிவிட்டு ஒரு முடிவுக்கு வந்தோம். தண்ணீரை விட்டுவிட்டுத் தண்ணீரைப் பற்றி எடுக்கப்படும் முடிவுகளை ஒப்பிடுவது என்று. யார் எடுக்கிறார், யாரைக் கேட்டு எடுக்கிறார், மீறினால் என்ன நடக்கிறது. ஒப்பீட்டின் அலகு இதுதான் என்று ஒரே வாக்கியத்தில் எழுதி நான்கு பேரும் கையெழுத்துப் போட்டோம். நீங்களும் போடுங்கள். பிறகு யாராவது வழுக்கிப் போனால் பிடித்து இழுக்க அது உதவும்.

ஒற்றுமைகளைக் கண்டதும் மனம் துள்ளும். அங்கேதான் நிதானம் வேண்டும். எட்வர்ட் டைலர் 300-க்கும் மேற்பட்ட சமூகங்களின் திருமண வழக்கங்களை ஒப்பிட்டுத் தயாரித்த ஆய்வு 1889-இல் அச்சானது. அதை அவர் வாசித்த அவையிலேயே பிரான்சிஸ் கால்டன் ஒரு கேள்வி எழுப்பினார்: இந்தச் சமூகங்கள் ஒன்றிடமிருந்து ஒன்று அந்த வழக்கத்தைப் பெற்றிருந்தால், அவற்றைத் தனித்தனிச் சான்றுகளாக எண்ணலாமா? இன்றுவரை அது கால்டன் சிக்கல் என்றே வழங்குகிறது. தமிழ்நாட்டுக்கும் பாலிக்கும் இது நேராகப் பொருந்தும். இரண்டு இடத்திலும் இந்து சமய மரபு உண்டு, இடையில் கடல் வணிகத்தின் நீண்ட வரலாறும் உண்டு. நீரோடு தெய்வத்தைச் சேர்த்து வைக்கும் வழக்கம் இரண்டு இடத்திலும் இருந்தால், அது தானாக இரண்டு முறை முளைத்ததா, ஒரே விதையா என்று கேட்காமல் மேலே எழுதக் கூடாது.

நம் வட்டாரத்தில் நெருக்கமான இன்னொரு பாடம் உண்டு. ஜப்பானிய மொழியியலாளர் சுசுமு ஒனோ, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் அ. சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் ஆகியோரோடு சேர்ந்து தமிழையும் ஜப்பானிய மொழியையும், இரு நாட்டு அறுவடைச் சடங்குகளையும் பல ஆண்டுகள் ஒப்பிட்டார். கடல் கடந்து, பொறுமையாக, ஒருவர் மொழியை மற்றவர் கற்று நடந்த அந்த உழைப்பை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் இரண்டு மொழிகளும் உறவுடையவை என்ற அவருடைய முடிவைப் பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. ஒத்த ஒலிகளும் ஒத்த சடங்குகளும் எவ்வளவு குவிந்தாலும், அவை மட்டும் உறவுக்குச் சான்றாகிவிடாது. வேற்றுமைகளையும் அதே அக்கறையோடு பட்டியலிடுங்கள். எங்கள் நோட்டில் வேற்றுமைப் பக்கங்கள்தான் அதிகம், பயன்பட்டவையும் அவைதான்.

ஐந்தாம் படி: எழுதி வைத்துக்கொள்ளுங்கள்

இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கும். ஆனாலும் முதல் கட்டுரைக்கு முன்பே செய்ய வேண்டும். இதற்கு முந்தைய ஒரு கூட்டு முயற்சியில், இரண்டு வருடம் சேர்ந்து திரட்டிய ஒலிப்பதிவுகள் யாருக்குச் சொந்தம் என்று பேசி வைக்காததால் நட்பும் போனது, தரவும் முடங்கியது. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. முதல் நாளே கேட்காதது என் தவறும்தான்.

ஒரே ஒரு பக்கம் போதும். தரவு எங்கே இருக்கும், யார் எதைத் தனியாகப் பயன்படுத்தலாம், எந்தக் கட்டுரைக்கு யார் முதல் ஆசிரியர், ஒருவர் பாதியில் விலகினால் என்ன. முதல் ஆசிரியர் இடத்தைச் சுழற்சியில் வையுங்கள். காரணம் பதவி உயர்வுக் கணக்கு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 ஒழுங்குமுறைப்படி, இருவர் எழுதினால் ஒவ்வொருவருக்கும் கட்டுரை மதிப்பில் 70 சதவீதம். இரண்டு பேருக்கு மேல் போனால் முதல் ஆசிரியர் அல்லது தொடர்பாசிரியருக்கு (இதழோடு தொடர்பில் இருப்பவருக்கு) 70, மற்ற ஒவ்வொருவருக்கும் 30. மொழி, சமூக அறிவியல் துறைகளில் கட்டுரைக்கு 10 புள்ளி, அறிவியல் பொறியியலில் 8. ஆக நாங்கள் நான்கு பேர் எழுதும் கட்டுரையில் நான் முதல் ஆசிரியர் என்றால் எனக்கு 7, விலங்கியல் மேடத்துக்கு 2.4. அவர் உழைப்பு என் உழைப்பில் மூன்றில் ஒரு பங்கா? இல்லவே இல்லை. அதனால்தான் சுழற்சி. நீங்கள் விண்ணப்பிக்கும் வருடத்தில் எந்த ஒழுங்குமுறை நடப்பில் இருக்கிறது என்று உங்கள் கல்லூரியின் ஐ.க்யூ.ஏ.சி. எனும் உள் தர உறுதிப் பிரிவில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக: முதல் வருடம் கேட்காதீர்கள். பேருந்துச் செலவோடு நடக்கும் வேலையை முதலில் செய்யுங்கள். பிறகு பல்கலைக்கழகத்தின் தொடக்க நிதி, அதற்குப் பிறகு ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். எனும் இந்திய சமூக அறிவியல் ஆய்வுக் கழகம் போன்ற வெளி நிதி. திட்டத்தில் முதன்மை ஆய்வாளருக்கும் இணை ஆய்வாளருக்கும் புள்ளி பாதிப் பாதி என்பதால் அங்கே சண்டை குறைவு. பில்லை அன்றன்றே ஒட்டி வையுங்கள். யூட்டிலைசேஷன் சர்டிஃபிகேட் (நிதியைச் செலவிட்டதற்கான சான்றிதழ்) தாமதமானால் அடுத்த தவணை நின்றுவிடும். ஊராரிடம் பேசி ஒலிப்பதிவு செய்வதாக இருந்தால் அறநெறிக் குழு ஒப்புதலை முன்னாலேயே வாங்குங்கள்.

ஆறாம் படி: எல்லாரும் ஒன்றாகக் களத்துக்குப் போங்கள்

ஆளுக்கொரு நாள் போய்வந்து குறிப்பைப் பரிமாறிக்கொள்வது களப்பணி ஆகாது. மடை முதன்முதலாகத் திறக்கும் நாள் நவம்பர், டிசம்பரில்தான் பெரும்பாலும் வரும். அதே நேரம்தான் செமஸ்டர் தேர்வு. தேர்வு மேற்பார்வைப் பட்டியல் தயாராகும் முன்பே ஓ.டி.க்கு (பணி நிமித்தம் வெளியே போகும் அனுமதிக்கு) எழுதிக் கொடுங்கள்.

எங்கள் முதல் கூட்டுப் பயணம் இன்னும் கண்ணில் நிற்கிறது. கண்மாய்க் கரையில் மடைக் கருப்பு கோவிலுக்குப் பக்கத்தில், தோளில் மண்வெட்டியோடு நீர்க்கட்டி அய்யா, ஊருக்காக வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சுபவர், நின்றார். எழுபது வயதிருக்கும். ஒரு வயலுக்கு எவ்வளவு தண்ணீர் என்று எப்படிக் கணக்குப் பண்ணுகிறீர்கள் என்று பொறியியல் சார் கேட்டார். "கணக்கென்ன சார், குதிங்கால் முங்குனா போதும்" என்றார். சார் குனிந்து தன் காலை வைத்து அளந்து குறித்துக்கொண்டார். விலங்கியல் மேடம் வயலுக்குள் இறங்கி, தூரை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அய்யா அவரைப் பார்த்து, "புகையானா பாக்குற தாயி? அது வந்தா தண்ணிய வடிச்சு விட்ரணும்" என்றார். மேடம் நிமிர்ந்தார். பூச்சியியல் சொல்வதும் அதுதான். ஆனால் எங்கள் நான்கு பேருக்கும் ஒரே நேரத்தில் பொறி தட்டிய விஷயம் வேறு. அந்த ஆயக்கட்டில், அதாவது கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலப்பரப்பில், வயலுக்கு வயல் பாய்கிறது. ஒருவர் வடித்தால் கீழ் வயலுக்குள்தான் போகும். அப்படியானால் வடிக்கலாம் என்று யார் சொல்வது? "நாந்தேன்" என்றார் அய்யா.

பாலியில் அந்த முடிவைச் சுபக்கின் உறுப்பினர்கள் கூடி எடுக்கிறார்கள். பெகாசே எனப்படும் தலைவர் அவர்களே தேர்ந்தெடுத்தவர், அவரும் ஒரு விவசாயி. இங்கே முடிவெடுப்பவர் நெல்லுக்கூலி வாங்கும் பணியாளர். தென் மாவட்டங்களின் பல ஊர்களில் நீர்க்கட்டு வேலை தலித் குடும்பங்களின் வழிவழிப் பொறுப்பாக இருந்து வருகிறது. அந்த ஆயக்கட்டில் அவருக்கென்று நிலம் இல்லாமலும் இருக்கலாம். நிலம் இல்லாதவர் என்பதாலேயே நடுநிலையானவர் என்று ஊர் நம்புகிறது. இதை "நம் முன்னோர் ஞானம்" என்று மட்டும் எழுதிவிட்டால் அந்த மனிதருக்குச் செய்யும் அநீதி. உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்து 919, 921 ஆண்டுக் கல்வெட்டுகளில் ஏரியைக் கவனிக்கும் குழுவான ஏரி வாரியம் வருகிறது. வாரியத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட நிலம் வேண்டும் என்ற தகுதியும் அதே கல்வெட்டுகளில் வருகிறது. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தவர் எங்கள் வரலாற்றுத் துறை சார்தான். தமிழ்த் துறை ஆள் நான் மட்டும் போயிருந்தால் மடைக் கருப்பின் கதையை எழுதிக்கொண்டு திரும்பியிருப்பேன்.

ஏழாம் படி: மறுகரை

ஒரு பக்கத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு, மறுபக்கத்தைப் புத்தகத்தில் படித்து ஒப்பிடுவது நொண்டி ஒப்பீடு. நம் பக்கம் மனிதர்களும் சண்டைகளும் நிறைந்திருக்கும். அந்தப் பக்கம் நூலாசிரியர் சுருக்கித் தந்த ஒழுங்கு மட்டும் இருக்கும். உடனே "அவர்கள் ஒற்றுமையானவர்கள், நாம் சண்டைக்காரர்கள்" என்று தோன்றிவிடும். யுனெஸ்கோ 2012-இல் சுபக் நிலப்பரப்பை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பெருமை வாசகங்களை மட்டும் படித்துவிட்டு நம் கண்மாய் ஆக்கிரமிப்போடு ஒப்பிட்டால் நியாயமாகுமா?

எனவே அங்கே ஒரு கூட்டாளி வேண்டும். டென்பசாரில் உதயனா பல்கலைக்கழகம் இருக்கிறது, வேளாண் புலமும் உண்டு. உங்கள் பொருளுக்கு ஏற்ற பல்கலைக்கழகத்தில், உங்களைப் போன்ற இளம் ஆசிரியர் ஒருவருக்கு எழுதுங்கள். புரிந்துணர்வு ஒப்பந்தம் பிறகு வரட்டும். முதலில் மாதம் ஒரு முறை காணொளியில் பேசுங்கள். நாங்கள் ஒவ்வொரு மாதமும் ஒரே கேள்வியை இரண்டு பக்கமும் கேட்டு வந்து பதிலைப் பரிமாறிக்கொண்டோம். "போன வருடம் தண்ணீர்ச் சண்டை வந்ததா, யார் தீர்த்தார்?" என்ற கேள்விக்கு அங்கிருந்து வந்த பதில்கள் எங்கள் மனத்திலிருந்த பாலியை மாற்றின. நேரில் போய் ஆய்வு செய்வதென்றால் இந்தோனேசியாவில் வெளிநாட்டு ஆய்வாளர்கள் அனுமதி பெற வேண்டும். அதைக் கவனிப்பது பிரின் (BRIN) எனும் அந்நாட்டு அரசின் ஆய்வு அமைப்பு. சுற்றுலா விசாவில் போய்ப் பேட்டி எடுக்காதீர்கள். நம் குழுவில் ஒருவராவது அடிப்படை இந்தோனேசிய மொழி கற்றுக்கொள்ளுங்கள். அதன் எழுத்து ரோமன்தான் என்பதால் நினைத்ததைவிடச் சீக்கிரம் வாசிக்க வரும்.

எட்டாம் படி: வகுப்பறை

ஆய்வு ஓரளவு காலூன்றியதும் ஒரு விருப்பப் பாடமாக்குங்கள். உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேர வகுப்பு. இருவர் சேர்ந்து எடுக்கும் பாடம் யார் கணக்கில் ஏறும் என்பதைப் பாடத்திட்டக் குழுவுக்குப் போகும் முன்பே இரு துறைத் தலைவர்களிடமும் பேசி எழுத்தில் வாங்குங்கள். மாணவர்களைக் கலந்து குழுவாக்குங்கள், பொறியியல் பிள்ளை பாட்டைப் பதிவு செய்யட்டும், தமிழ் இலக்கியப் பிள்ளை மட்டக் கருவியைப் பிடிக்கட்டும்.

கடைசிப் படி: ஊருக்குத் திருப்பிக் கொடுப்பது

ஆங்கிலக் கட்டுரை இதழுக்குப் போகும். அதோடு தமிழில் ஒரு சிறு புத்தகம், வரைபடத்தோடும் மடைகளின் பெயர்களோடும், அந்த ஊருக்கென்று அச்சிடுங்கள். நாங்கள் 24 பக்கத்தில் ஒன்று போட்டு, அடுத்த பொங்கலுக்கு முன்பு கொண்டுபோய்க் கொடுத்தோம். அய்யாவின் மகன் கரையில் உட்கார்ந்து வரி வரியாக வாசித்தார். மூன்றாவது பக்கத்தில் நிறுத்தி, "சார், ரெண்டாவது மடையும் மூணாவது மடையும் பேரு மாறிக் கெடக்கு" என்றார். நான்கு முனைவர் பட்டங்கள் பார்த்தும் விட்டுப்போன பிழை. அடுத்த அச்சில் திருத்தினோம். அதிலிருந்து எங்கள் சிறு புத்தகங்களின் கடைசி இரண்டு பக்கங்களை, ஊரார் எழுதுவதற்கென்று வெறுமையாக விடுகிறோம்.